நடக்க வைப்பது மிஷினா, மனுஷனா?

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிய என் பெரியப்பா மகனுக்குப் பக்கவாதம். இடது கால் வரவில்லை. "ட்ரெட்மில் வாங்கினா நடந்துருவனா தம்பி?"ன்னு கேட்டார். தறியையே விற்கத் துணிந்துவிட்டார்! நான் தடுத்தேன்.

அமெரிக்காவில் 408 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. உடம்பைப் பட்டை கட்டித் தாங்கி ட்ரெட்மில்லில் நடந்தவர்களும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். 52 சதவீதம் பேர் நடையில் முன்னேறினார்கள்.

எதிரணி நண்பர்களே, மிஷின் வீண்னு சொல்லலை. பக்கத்தில் ஆளில்லாத மிஷின் துணி காயப்போடத்தான் ஆகும்! (சிரிப்பு)

அண்ணனுக்கு பிசியோதெரபிஸ்ட் வந்து சொல்லிக்கொடுத்தார். மத்த நேரம் அண்ணி தோள்கொடுத்தாங்க. ஆறாம் மாசம் தறிக்கூடம் வரை தடுமாறி நடந்துபோய், "நூல் அறுந்து கெடக்குது, தறிய நிறுத்துங்கடா!"ன்னு சத்தம் போட்டார்.