121 புள்ளி வெளிச்சக் கோலம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுவேன், அதோட சரி. இந்த மேடைக்குப் பின்னாடி கலர் மாறி மாறி எரியுதே ஒரு கோலம், அதை எப்படிச் செஞ்சேன்னு ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. ரெண்டு வார்த்தையில முடியாதுங்க. ஏன்னா இதே கோலம் ஒரு தடவை ஊர் நடுவுல என் மானத்தை வாங்கிடுச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கல்யாணத்துக்கு முன்னால திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஒரு ஓட்டை, ஒரு தையல் விட்டது, ஒரு எண்ணெய்க் கறை எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. ரெண்டு குழந்தைகள் ஆனதும் வேலைக்குப் போகலை. வீடு, ரெண்டு மாடு, பால் சொசைட்டி, குழு. இதுதான் என் நாள்.

ஒரு மார்கழி மாசம் வாசல்ல புள்ளி வெச்சுட்டு இருந்தேன். எட்டாவது படிக்கற என் மக, பள்ளிக்கூடத்துல செய்முறைக்குக் குடுத்த ஒரு சின்ன லைட்டுச் சரத்தைக் கொண்டுவந்து காட்டினா. “அம்மா, இதுல எந்த பல்பு எந்தக் கலர்ல எரியணும்னு நாமளே எழுதிக் குடுக்கலாம்” அப்படின்னா. நமக்குத் தெரிஞ்ச சீரியல் செட்டு அப்படி இல்லையே. எரிஞ்சா எல்லாம் எரியும், அணைஞ்சா எல்லாம் அணையும். நான் கீழ இருந்த புள்ளியைப் பார்த்தேன், அவ கையில இருந்த சரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பல்பு வெச்சா என்ன? அவ்வளவுதாங்க, அங்கதான் ஆரம்பிச்சது.

இந்த பல்பு எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம குழுக் கூட்டத்தை வெச்சே சொல்றேன். நாம வட்டமா உக்காந்திருக்கோம். ஊக்குநர் பாஸ்புக்கு கட்டை முதல்ல இருக்கற அக்கா கையில குடுக்கறாங்க. அந்த அக்கா மேல இருக்கற தன்னோட புக்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்தவங்ககிட்டத் தர்றாங்க. அவங்களும் மேல இருக்கறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தள்ளி விடறாங்க. இந்தச் சரமும் அதேதான். ஒவ்வொரு பல்புக்குள்ளயும் சின்னதா ஒரு சிப்பு இருக்கு. வர்ற சேதியில முதல் பங்கைத் தனக்கு வெச்சுக்கிட்டு மீதியை அடுத்த பல்புக்கு அனுப்பிடும். அதனால மூணே வயர் போதும். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ், ஒண்ணு சேதி போற வயர். நடுவுல ஒரு பல்பு சேதியைத் தள்ளலைன்னா அதுக்கு அப்புறம் இருக்கற யாருக்கும் சேதி போகாது. கூட்டத்துக்கு ஒருத்தர் வராம பாஸ்புக்கு கட்டு நின்னு போற மாதிரி.

ஒரு பல்புக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம். ஒவ்வொண்ணையும் 0 முதல் 255 வரைக்கும் 256 படியாக் கூட்டிக் குறைக்கலாம். பெருக்கிப் பாருங்க, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல கலர் வருது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள். மூணும் முழுசா எரிஞ்சா வெள்ளை. இந்த வெள்ளைதான் பின்னாடி எனக்கு வெச்சது ஆப்பு.

11 புள்ளி 11 வரிசை, நேர்ப்புள்ளிக் கோலம்னு முடிவு செஞ்சேன். மொத்தம் 121 புள்ளி. 50 பல்புச் சரம் மூணு, 5 வோல்ட் பவர் சப்ளை ஒண்ணு, சேதி அனுப்ப ஆர்டுயினோ நானோன்னு கட்டைவிரல் நீளத்துல ஒரு போர்டு, மூணடிக்கு மூணடி பிளைவுட்டு, அதுல தச்சரை வெச்சு 121 ஓட்டை. குழுவுல 5,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். வீட்ல அத்தை, “உள்கடன் வாங்கி மாட்டுக்குத் தீவனம் வாங்குவாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. நீ லைட்டா வாங்கறே?”ன்னாங்க. குழுவுலயும் ஒரு அக்கா, “இது திரும்பி வர்ற காசா அம்மிணி?”ன்னு கேட்டாங்க. கேட்டதுல தப்பில்லை. அது பத்துப் பேர் வாரம் வாரம் கட்டின சேமிப்பு. நானும் பயந்துக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆர்டுயினோங்கறது 2005இல் இத்தாலி நாட்டுல இவ்ரியாங்கற ஊர்ல உருவானது. இன்ஜினியர் படிக்காத டிசைன் மாணவர்களும் சுலபமாக் கத்துக்கணும்னே செஞ்சது. எங்க நாத்தனார் பொண்ணுக்கு அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்பை வாங்கிக்கிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவி வெச்சுட்டு மகளும் நானும் உக்காருவோம். பத்தாவது இங்கிலீஷ் போதுமுங்க, திரும்பத் திரும்ப வர்றது கொஞ்சம் வார்த்தைதான். ஆனா ஒரு வரி முடிவுல ஒரு அரைப்புள்ளி விட்டாலும் மொத்தமும் நின்னுடும். மக சலிச்சுப் போவா. எனக்குச் சலிக்கலை. விட்டுப்போன தையலைத் தேடின கண்ணாச்சே.

முதல் நாள் ஒரு தாமரை எழுதினேன். எரிஞ்சதைப் பார்த்தா பூகம்பத்துல மாட்டின தாமரை மாதிரி இருந்துச்சு. அப்புறந்தான் புரிஞ்சது. நான் சரத்தை முதல் வரிசையில இடமிருந்து வலமாவும், ரெண்டாவது வரிசையில வலமிருந்து இடமாவும் பாம்பு மாதிரி மடக்கி மடக்கிக் கொண்டு போயிருந்தேன். போர்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 0, 1, 2ன்னு 120 வரைக்கும் ஒரே நீளமா எண்ணிக்கிட்டுப் போகுது. ஒண்ணு விட்ட வரிசையில எண்ணைத் திருப்பிப் போடற மாதிரி ஒரு கணக்கைச் சேர்த்தேன். தாமரை விரிஞ்சது. அன்னைக்கு ராத்திரி நானும் மகளும் தூங்கவே இல்லை.

மாரியம்மன் நோம்பி வந்தது. ஊரார் கேட்டுக்கிட்டதால பலகையைக் கோயில் முன்னாடி வெச்சோம். தாமரை வந்தது, மயில் வந்தது, எல்லாரும் கை தட்டினாங்க. கடைசியில 121 புள்ளியும் சேர்ந்து வெள்ளையா எரியணும்னு எழுதியிருந்தேன். மேல நாலு வரிசை வெள்ளை. அதுக்குக் கீழ மஞ்சள். கடைசி வரிசையெல்லாம் சிவந்து மங்கிப் போச்சு. அப்புறம் விட்டு விட்டு மினுக்கி, மொத்தமும் அணைஞ்சிடுச்சு. வயரைத் தொட்டுப் பார்த்தா சூடு. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். கூட்டத்துல யாரோ “அம்மன் கோவிச்சுக்கிட்டா”ன்னு சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. அத்தை ஒண்ணும் சொல்லலை. பேசாம எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

பலகையை மாட்டுக் கொட்டாயில சாத்தி வெச்சுட்டேன். அந்த மாசத் தவணையைப் பால் காசுல கட்டினேன். கூட்டத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “இனி அந்த வேலை வேண்டாம்னு இருக்கேன்”னு சொன்னேன். முதல்ல கேள்வி கேட்ட அதே அக்கா, “ஊசி உடைஞ்சா தையல் மெஷினையா தூக்கிப் போடுவோம்? எங்க தப்புன்னு பார்த்தியா?”ன்னு கேட்டாங்க. பார்க்கலைங்க. அழுதேனே ஒழிய, பார்க்கலை.

எங்க ஊர்ல மோட்டார் ரிப்பேர் பார்க்கற அண்ணன்கிட்ட ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன். சரம் ஆரம்பிக்கற இடத்துல அளந்தா 5 வோல்ட். கடைசிப் பல்புல 4 வோல்ட்டு கூட இல்லை. அந்த அண்ணன்தான் சொன்னார், “உங்க தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை நினைச்சுக்கங்க”ன்னு. சின்னக் குழாயில ஒரே பக்கம் தண்ணி விட்டா முதல் தென்னைக்கு நல்லாப் போகும், கடைசித் தென்னைக்குச் சொட்டுக்கூடப் போகாது. வயரும் அப்படித்தான். மெல்லிசு வயர்ல நிறைய கரண்டு போகப் போக அழுத்தம் குறைஞ்சுடும்.

சரி, ஏன் சிவப்பாச்சு? சிவப்பு எரிய ரெண்டு வோல்ட்டு வாக்கில போதும். நீலத்துக்கு மூணுக்கு மேல வேணும். அழுத்தம் குறைஞ்சதும் முதல்ல நீலம் மங்கும், அப்புறம் பச்சை. மிச்சம் நிக்கறது சிவப்பு. விஞ்ஞானிகளுக்கே நீலம் கஷ்டமாத்தான் இருந்திருக்கு. சிவப்பு எல்.இ.டி. 1962லயே வந்துடுச்சு. நல்லா எரியற நீலம் 1990களில்தான் வந்தது. அதைக் கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014இல் நோபல் பரிசு குடுத்தாங்க. அம்மன் கோவிச்சுக்கலைங்க, என் வயர்தான் மெல்லிசு.

முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்புறம் போட்டேன். ஒரு பல்பு முழு வெள்ளையில எரிஞ்சா சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 121 பல்புக்கு 7,260 மில்லி ஆம்பியர், அதாவது ஏழேகால் ஆம்பியர். 5 வோல்ட்டால பெருக்கினா 36 வாட்ஸ். என்கிட்ட இருந்த சப்ளை 10 ஆம்பியர், அது போதும். ஆனா அத்தனையையும் ஒரே முனையில, தலைமுடி மாதிரி வயர்ல அனுப்பினது என் தப்பு. சப்ளையில இருந்து மூணு சரத்துக்கும் தனித்தனியாக் கனமான வயர் இழுத்தேன். சேதி வயர் மட்டும் எப்பவும் போல ஒரே வரிசை. அப்புறம் வெளிச்சத்தை மூணுல ஒரு பங்காக் குறைச்சேன். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை, கரண்டு மட்டும் நல்லாக் குறைஞ்சது. மேல ஒரு வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டினேன். குத்தற வெளிச்சம் மாவுப் புள்ளி மாதிரி மெத்துன்னு ஆயிடுச்சு. அந்தத் துணி வேஸ்ட் கடையில கிலோக் கணக்குல வாங்கினது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டு வாசல்லயே வெச்சு எரிய விட்டேன். 121ம் வெள்ளை. அத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, “அந்த மயிலுக்குக் கழுத்து பச்சையா இருக்கு, நீலமாப் போடு கண்ணு”ன்னாங்க. நான் அப்பவே மாத்திக் காட்டினேன்.

உண்மையைச் சொல்லணும், இதுல லட்சம் சம்பாதிக்கலை. ஒரு புதுமனை புகுவிழாவுக்கும், ஒரு சீருக்கும் வாடகைக்குக் குடுத்தேன். கடன் அடைஞ்சது. மிச்சத்துல சொந்தமா ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஆனா இப்ப வீட்ல மிக்சி நின்னாலும் சுவிட்ச் போனாலும் எனக்குப் பயம் வர்றதில்லை. எங்க தப்புன்னு பார்க்கத் தோணுது.

செய்ய நினைக்கறவங்களுக்கு நாலு வார்த்தை. பல்புப் பக்கம் 5 வோல்ட், அது ஷாக் அடிக்காது. ஆனா சப்ளைக்குள்ள போறது வீட்டு 230 வோல்ட். அந்தப் பக்கத்தைத் தெரிஞ்ச எலக்ட்ரீசியன்தான் கட்டணும், மூடி போட்டிருக்கணும், எர்த் இருக்கணும், மழைத்தண்ணி படக் கூடாது. ரெண்டாவது, வயரை மாத்தும்போது பிளக்கைக் கழட்டிடுங்க. மூணாவது, போர்டோட மைனசையும் சரத்தோட மைனசையும் சேர்க்க மறந்தா சேதி போகாது. நாலாவது, முதல்ல கணக்கு, அப்புறம் லைட்டு.

“பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு”ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ராஜஸ்தான்ல திலோனியாங்கற கிராமத்துல 1972இல் ஆரம்பிச்ச பேர்ஃபுட் காலேஜ்னு ஒரு அமைப்பு இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாட்டிகள் பல நாடுகள்ல இருந்து அங்க வந்து, வயரைக் கலரை வெச்சே அடையாளம் கண்டு, ஆறு மாசத்துல சோலார் விளக்குச் செய்யக் கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. அமெரிக்காவுல லேயா பியூக்லின்னு ஒரு அம்மா, கரண்டு கடத்தற நூலால துணியிலயே தைக்கற மாதிரி லிலிபேட்னு ஒரு ஆர்டுயினோ செஞ்சாங்க. 2007இல் அது கடைக்கு வந்தது. ஊசி நூல் நம்ம கையில இருக்கு. பத்தாவது படிப்பும் இருக்கு. நம்மால ஆகாதா?

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்ட்ரிங் அயர்ன், ஒரு பழைய லேப்டாப் பொதுவா வாங்கி அலுவலகத்துல வெச்சா, ஒவ்வொருத்தரும் தனியாக் கடன் வாங்க வேண்டியதில்லை. மாசத்துல ஒரு சனிக்கிழமை மதியம் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தர்றேன், காசு வேண்டாம். பொண்ணுங்களையும் கூட்டிட்டு வாங்க.

என் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட குழுவுக்கும், தப்பு எங்கன்னு பார்க்கச் சொன்ன அந்த அக்காவுக்கும் நன்றி. அவங்க இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க. பேர் சொன்னா கோவிச்சுக்குவாங்க.