நோய்க்குப் பிறகு வந்த வேதியியல்



சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கும் வீட்டில், மாத்திரை அட்டையில் சிட்டாகிளிப்டின் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தயாரிக்க முன்பு அதிக அழுத்தமும் ரோடியம் என்ற விலை கூடிய உலோகமும் தேவைப்பட்டன. பிறகு அந்த வேலையை ஒரு நொதியே செய்ய வழி பிறந்தது. இயற்கையில் அப்படியே கிடைத்த நொதி அல்ல அது. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தது. இப்படி வளர்க்கலாம் என்று காட்டிய முன்னோடி, பிரான்சிஸ் ஆர்னால்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர்.

பள்ளி வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, டாக்சி ஓட்டிப் பிழைத்த பெண் அவர். பிரின்ஸ்டனில் 1979இல் இயந்திரவியலும் விமானவியலும் முடித்தார். சூரிய ஆற்றல் துறையில் கொஞ்ச காலம். அப்புறம்தான் வேதிப் பொறியியல். கால்டெக் நிறுவனத்தில் பேராசிரியர் வேலை.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: தண்ணீரில் வேலை செய்யும் நொதியைக் கரிமக் கரைப்பானிலும் வேலை செய்ய வைக்க வேண்டும். எந்த இடத்தை மாற்றினால் அது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்னால்ட் மரபணுவில் அங்கங்கே மாற்றங்களை உண்டாக்கினார். மாறிய மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பால் புரதமும் கரைப்பானும் கலந்த தட்டில் வளர்த்தார். எந்தப் பாக்டீரியாவின் நொதி புரதத்தை நன்றாக உடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு மறுபடி மாற்றினார். மூன்றாம் தலைமுறையில் கிடைத்த நொதி, அந்தக் கரைப்பானில் மூல நொதியைவிட 256 மடங்கு திறமையாக வேலை செய்தது. 1993இல் இது வெளிவந்தது. ‘குருட்டாம்போக்கு வேலை, இதெல்லாம் அறிவியலா?’ என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பொறியாளருக்கு அதைப் பற்றி என்ன கவலை? காரியம் நடந்தால் சரி.

2005இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினெட்டு மாத சிகிச்சை. வீட்டில் மூன்று பையன்கள்.

இந்த இடத்தில் பலரும் ஒரே தாவாகத் தாவி, ‘புற்றுநோயை வென்றார், நோபல் பரிசு பெற்றார்’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாவது, நோயைக் குணப்படுத்துவது சிகிச்சை. மன உறுதி அல்ல. உறுதி இருந்தும் பிழைக்காதவர்களை நாம் அறிவோம். தவிர, அவருக்கு நிலையான பதவி இருந்தது, கூடவே உழைக்கும் மாணவர்கள் இருந்தார்கள். தினக்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த வசதி ஏது? இன்னொன்று, நோபலுக்கு அடிப்படையான வேலை நோய்க்கு முன்பே முடிந்துவிட்டது.

அப்படியானால் நோய்க்குப் பிறகு என்ன செய்தார்? பழைய பெயரை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ உயிர்கள் செய்தறியாத வேதிவினைகளை நொதிகளுக்குப் பழக்கக் கிளம்பினார். ஓர் உதாரணம் சொல்கிறேன். பூமியில் சிலிக்கனுக்குப் பஞ்சமே இல்லை, மணலிலேயே அது நிறைய உண்டு. ஆனாலும் கார்பனோடு சிலிக்கனைப் பிணைக்கும் உயிர் எதுவும் அதுவரை அறியப்படவில்லை. ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தை எடுத்து, மூன்றே மாற்றங்களில் அவருடைய குழு அதைச் செய்ய வைத்தது. மனிதர் உருவாக்கிய சிறந்த வினையூக்கியைவிட அது 15 மடங்கு திறமையாக இருந்தது. இது வெளிவந்தது 2016இல். அதே ஆண்டில் அவருடைய மகன்களில் ஒருவர் விபத்தில் இறந்தார். பையன்களில் இருவருக்குத் தந்தையான துணைவரை 2010லேயே இழந்திருந்தார்.

2018 அக்டோபரில் நோபல் பரிசுச் செய்தியோடு ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி வந்தபோது, டல்லாஸில் ஒரு விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார். விடியாத நேரத்தில் மணி அடித்ததும் முதலில் நினைத்தது, பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2020 ஜனவரி 2ஆம் தேதி, தம் குழுவின் முந்தைய ஆண்டுக் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெறுவதாக ட்விட்டரில் அவரே அறிவித்தார். சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. வேலைப் பளுவில் தம் பொறுப்பைச் சரியாகச் செய்யவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். நோபல் வாங்கி முழுதாக ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. யாரும் இதனால் அவரை ஒதுக்கிவிடவில்லை; அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு இணைத் தலைவரானார்.