விலையின் அலையும் ஆசிரியரின் அளவும்



வடசென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது புலருமுன்பே ஏலம் தொடங்கிவிடும். நேற்று ஒரு விலைக்குப் போன வஞ்சிரம் இன்று வேறொரு விலைக்குப் போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. அந்நாட்களில் விலை ஏறுமென்பது யாவரும் அறிந்தது. ஆனால் இடையே எழும் கொந்தளிப்பை முன்னரே கணக்கிடுவது எங்ஙனம்?

இத்தகைய வினாவையே வாழ்நாள் பணியாகக் கொண்ட பேராசிரியர்கள் உளர். பங்கு, நாணயம், வட்டி ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்களைப் புள்ளியியலால் ஆராயும் அவர்தம் துறைக்கு நிதிசார் பொருளாதார அளவையியல் என்று பெயர். நாளைய விலையைக் கூறும் சோதிடமென்று சிலர் இதனை மயங்குவதுண்டு. உண்மையில், நம் கணிப்பு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை அளந்து சொல்வதே இதன் தலையாய பணி.

பருத்தி விலைகளை ஆராய்ந்த மாண்டல்பிராட், பெரிய மாற்றங்களைப் பெரிய மாற்றங்களே தொடர்கின்றன என்று 1963இல் எடுத்துக்காட்டினார். கொந்தளிப்பான நாட்கள் தனித்து வாரா, கூட்டமாகவே வரும் என்பது கடலோடிக்கும் தெரிந்ததே. முதலில் இயற்பியல் பயின்று பின்னர் பொருளியலுக்கு வந்த இராபர்ட் எங்கிள், இவ்வியல்பை அளக்கும் முறையை 1982இல் வெளியிட்டார். அவருடைய மாணவர் பொலர்ஸ்லெவ் 1986இல் அதனை விரிவாக்கினார். 2003இல் எங்கிளுக்கு நோபெல் பரிசு கிட்டியது. ஆசிரியர் இட்ட வித்தை மாணவர் வளர்ப்பதே கல்வித்துறையின் செல்வமன்றோ!

நம் நாட்டவர் பங்கும் இதில் சிறிதன்று. ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் பயின்ற ஜி. எஸ். மத்தாலா, 1963இல் சிக்காகோவில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் கற்பித்தார். அவருடைய பாடநூல்களைப் பல நாட்டு மாணவர்கள் பயின்றனர். நிதித்துறைக்குரிய புள்ளியியல் முறைகளைப் பற்றி அவரும் சி. ஆர். இராவும் பதிப்பித்த பெருந்தொகுதி 1996இல் வெளிவந்தது. 1999இல் மத்தாலா மறைந்தார்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைகளில் உழைப்போருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2015 முதல், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் புதிய வரவில் ஒரு பகுதி பங்குச் சந்தையில் இடப்படுகிறது. சந்தையின் வாயிலை மிதித்தறியாத தொழிலாளியின் முதுமைக்காலச் சேமிப்பிலும் அதன் அலை வந்து மோதுகிறது.

1906இல் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தபோது, எண்ணற்றோர் தம் சேமிப்பை இழந்தனர். இத்துறை அன்றே வளர்ந்திருந்தாலும், மறைத்த கணக்கையும் பொறுப்பற்ற சூதாட்டத்தையும் அது தடுத்திராது. ஆயினும் அக்கேட்டின் படிப்பினை இத்துறைக்கும் பொருந்தும். 'வட்டி எவ்வளவு?' என்று வினவும்போதே, 'இழப்பு எவ்வளவு வரை போகலாம்?' என்றும் வினவுதல் வேண்டும்.

அவ்விரண்டாம் வினாவை மாணவர் நெஞ்சில் பதிய வைப்பவரே நல்லாசிரியர். கணக்கில் வல்ல வடசென்னைப் பிள்ளைகளுள் சிலரேனும் இத்துறைக்கு வருவாராக. அலையின் இயல்பை அவர்கள் பிறந்த மண்ணே கற்பித்திருக்கிறது. அளவுகோலைக் கல்லூரி தரும்.