அதிகாரம் என்றால் என்ன?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியாகும். அதாவது “அதிகாரம்” என்கின்ற வார்த்தை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லவா இத்தனை பேரைக் கூட்டினீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்துக் கொடுக்கிற நம் கிராமத்து விவசாயி, பட்டா மாறுதலுக்காகத் தாலுக்கா ஆபீஸ் படியேறும்போது என்ன செய்கிறான்? தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கொள்ளுகிறான். செருப்பை வாசலில் விடுகிறான். “சாமி, எசமான்” என்கிறான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அவனை அடித்தாரா? இல்லை. “அதிகாரி” என்கின்ற சொல்தான் அவனை அடித்தது. மனிதனைப் பயமுறுத்துகிற சொல் எதுவானாலும், அதன் பூர்வோத்திரத்தை விசாரித்துவிட வேண்டும். விசாரித்தால் பாதிப் பயம் அப்பொழுதே போய்விடும்.

அதிகாரம் என்பது வடமொழிச் சொல். “அதி” என்றால் மேல்; “காரம்” என்றால் செய்தல். ஒரு காரியத்தின்மேல் நின்று அதைச் செய்வது என்பதே அடிப்படையான அர்த்தம். இந்தக் காரம் மிளகாய்க் காரம் அல்ல; ஆனால் சில உத்தியோகஸ்தர்கள் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்!

இந்தச் சொல்லின் அளவு இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. இலங்கையில் கண்டி அரசனுடைய பிரதான மந்திரிக்கு இது பட்டம். மலபாரிலோ சாதாரணக் கிராமத் தலைவனுக்கு “அதிகாரி” என்று பெயர் இருந்தது. ஒரே சொல் ஒரு ஊரில் மந்திரி, இன்னொரு ஊரில் மணியக்காரன். ஆகவே பெருமை சொல்லில் இல்லை. நாம் கொடுப்பதில் இருக்கிறது.

தமிழர்கள் இந்தச் சொல்லை எதற்கு வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? புத்தகத்தின் பகுதிக்கு! தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம் என்று மூன்று. திருக்குறளில் 133 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் 10 குறள்கள். பதினோராவது குறள் எந்த அதிகாரத்திலும் கிடையாது. இது இங்கே ஆரம்பித்து இங்கே முடியும் என்கின்ற எல்லைதான் அதிகாரம். எல்லை இல்லாத அதிகாரம் என்பது முதலும் முடிவும் இல்லாத புத்தகம் போன்றது. உத்தியோகஸ்தருக்கும் இது பொருந்தும். சட்டம் அவருக்கு எழுதிக் கொடுத்த பத்துக் குறளுக்கு மேல், பதினோராவதை அவராகப் பாட உரிமை இல்லை.

ஆனால் சாஸ்திரக்காரர்கள் இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் வைத்தார்கள். அதாவது “யோக்கியதை”. இன்ன காரியத்துக்கு இன்னாருக்கே அதிகாரம் உண்டு என்பது. வேதம் படிக்கச் சூத்திரனுக்கு அதிகாரம் இல்லை என்று பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் எழுதினார். பாருங்கள், தோழர்களே! வேலையைக் குறித்த சொல் பிறவியைக் குறித்ததாகிவிட்டது. நம் விவசாயி துண்டைக் கக்கத்தில் இடுக்குவது இந்த இரண்டாவது அர்த்தத்துக்குத்தான். எதிரில் இருப்பவர் பரீட்சை எழுதிச் சம்பளத்துக்கு வந்தவர் என்பதை மறந்து, பிறக்கும்போதே மேலானவர் என்று எண்ணிவிடுகிறான்.

நம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலம் முதல் சோழருக்குத் தலைநகரம். சோழர் கல்வெட்டுகளில் “அதிகாரிகள்” என்று பட்டம் பெற்ற பெரிய உத்தியோகஸ்தர்கள் வருகிறார்கள். நிலவரிக் கணக்குக்குப் “புரவுவரித் திணைக்களம்” என்று ஒரு இலாகாவே இருந்தது. அந்த அதிகாரிகள் எங்கே? அரண்மனை இருந்த இடத்துக்கு இன்று மாளிகைமேடு என்று பெயர். வெறும் மேடு! தோண்டினால் செங்கல்லும் ஓடும் வருகின்றன. வரி கொடுத்த குடியானவனின் பரம்பரை மாத்திரம் இன்றும் உழுது கொண்டிருக்கிறது.

பிறகு வந்தவர்கள் தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள். “தஹ்ஸீல்” என்றால் அரபியில் வசூல். “தார்” என்றால் பாரசீகத்தில் வைத்திருப்பவர். தாசில்தார் என்றால் வசூலை வைத்திருப்பவர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் 1772-ல் வங்காளத்தில் “கலெக்டர்” என்று உத்தியோகம் ஏற்படுத்தினான். அதற்கும் வசூல் செய்கிறவர் என்றுதான் அர்த்தம். அடக்கியாண்ட அந்நியன்கூட இந்த உத்தியோகஸ்தனுக்கு “ஆளுகிறவன்” என்று பெயர் வைக்கவில்லை. நாமோ சுயராஜ்யம் வந்த பிறகு அழகான தமிழில், கலெக்டரை “ஆட்சியர்” ஆக்கினோம். தாசில்தாரை “வட்டாட்சியர்” ஆக்கினோம். தமிழ்ப் பெயர் வைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டுப் போடுகிற ஜனங்கள் ஆளுகிறார்கள் என்று சட்டம் சொல்லும்போது, வேலைக்கு வைத்தவரை ஆளுகிறவர் என்று அழைக்கலாமா என்பதே என் கேள்வி. “அலுவலர்” என்கின்ற சொல்லைப் பாருங்கள். அலுவல் பார்ப்பவர். எவ்வளவு நேர்மையான பெயர்!

பெயரை மாற்றுவது கஷ்டமாக இருக்கலாம். பிறவியை எடுத்தெறிவது முடியும் என்று நாமே காட்டியிருக்கிறோம். கர்ணமும் மணியக்காரரும் தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தை ஆட்டிவைத்தார்கள். 1980 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் ஒரே அவசரச் சட்டத்தில் அந்த உத்தியோகங்களை எடுத்துவிட்டது. வழக்குப் போட்டார்கள், 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. பூமி பிளந்துவிட்டதா? கிராம நிர்வாக அலுவலர் வந்தார், வேலை நடக்கிறது.

அதிகாரத்தின் மறுபக்கம் பொறுப்பு என்பதற்கும் நம் அரியலூரே சாட்சி. 1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அந்த வண்டியை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும் என் பொறுப்பு என்று பதவியை ராஜினாமா செய்தார். விபத்து தலைவிதி என்று அவர் சொல்லவில்லை. பொறுப்பை ஏற்காதவனுக்கு அதிகாரம் ஏது?

ஆகவே, தோழர்களே! உத்தியோகஸ்தரை அவமதியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மரியாதை வேறு, பயம் வேறு. “ஐயா” என்று கூப்பிடுங்கள், “அம்மா” என்று கூப்பிடுங்கள், “எசமான்” வேண்டாம். துண்டு தோளிலேயே இருக்கட்டும். மனுக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். முடியாது என்றால் எந்தச் சட்டப்படி முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, சாதாரணமாக 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

அதிகாரம் என்பது ஒரு வேலை. அதற்கு ஒரு எல்லை. அதற்கு ஒரு பொறுப்பு. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இருப்பது அதிகாரம் அல்ல, வெறும் மிரட்டல். மிரட்டலுக்கு மனிதன் குனியக் கூடாது என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.