பச்சைக் கம்பி எங்கே போகிறது?

("வாழ்க்கைக்குக் கைகொடுப்பது படிப்பறிவா, பட்டறிவா?" எனும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'பட்டறிவே' என்ற அணியில் பாகான் செராயைச் சேர்ந்த பெண் மின்தொழில்நுட்பர் ஒருவர் ஆற்றிய உரை.)



எதிரணித் தலைவர் பேசும்போது, "பட்டறிவு என்பது அடிபட்ட பிறகு வருவது, படிப்பறிவு அடிபடாமலே வருவது" என்றார். நானும் கைதட்டினேன். நானும் படித்தவள்தான், நடுவர் அவர்களே. பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா வாங்கியவள். அப்படிப்பட்ட நான் ஏன் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் பாகான் செராய். 1906ஆம் ஆண்டில் புக்கிட் மேரா அணை கட்டி முடிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்த பிறகு, எங்கள் கிரியான் வட்டாரம் நெல்லுக்குப் பேர் பெற்றது. வயலைத் தாண்டினால் தோட்டம். முன்பு ரப்பர், பிறகு செம்பனை. அப்படி ஒரு தோட்டத்தில் என் அப்பா முப்பது ஆண்டுகள் இஞ்சின் வீட்டு ஆள். பொழுது சாய்ந்தால் ஜெனரேட்டரை ஓட்டுவார், இரவு பத்து மணிக்கு நிறுத்துவார். லயத்து வீடுகளுக்கு விளக்கு, பம்பு வீட்டு மோட்டார், டிராக்டர் இழுக்கும் டிரெய்லருக்குப் பின்விளக்கு, எல்லாம் அவர் கைவேலை. படிப்பு? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. சான்றிதழ்? ஒன்றும் கிடையாது. சம்பளச் சீட்டில் 'பொது வேலை' என்றுதான் எழுதியிருக்கும்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அப்பா பேச்சையே குறைத்துக் கொண்டார். ஊரில் யார் வீட்டிலாவது மின்சாரம் நின்றால்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள். வீட்டு மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும் அல்லவா? அந்தச் சட்டம் சரியான சட்டம்தான். ஆனால் முப்பது வருடம் ஊருக்கே விளக்குப் போட்ட மனிதர், வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், பழைய இரும்பு வியாபாரம் செய்யும் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு வண்டி வந்து சேர்ந்தது. காடிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் மடக்குக் கேரவன். பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே இருந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி என்றும், அதன் பிறகு நான்கு கை மாறியது என்றும் சொன்னார்கள். சித்தப்பா அதை வெட்டி எடைக்குப் போடப் போனார். அப்பா, "வெட்டாதே தம்பி, நான் பார்க்கிறேன்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரு பொருளைக் கேட்டு வாங்கியது அன்றுதான்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மடக்கி வைத்தால் இடுப்பு உயரப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஓடும் இரும்புக் கயிறு நான்கு மூலைக் கம்பங்களையும் ஒன்றாகத் தூக்கும், கூரை மேலே போகும். இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், சுற்றிலும் கித்தான் துணி. அமெரிக்காவில் 1968இல் ஜெய்கோ நிறுவனத்தைத் தொடங்கிய லாயிட் போன்ட்ரேகர் என்பவர், இப்படிக் கூரையைத் தூக்கும் அமைப்பை வைத்துத்தான் தொழிலையே ஆரம்பித்தார். ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய வண்டிகள் குடும்பங்களுக்குப் பிடித்தமானவை.

எங்களுக்கு வந்ததோ, நம் நாட்டு ஈரத்தில் ஊறிப்போன வண்டி. கித்தானில் பூஞ்சை, தரைப் பலகை உளுத்துப் போயிருந்தது, சக்கரத்தில் கிரீஸ் காய்ந்து கல்லாகி இருந்தது. அம்மா காடித் தண்ணீரில் துணியைத் துடைத்து வெயிலில் காயப் போட்டார். பலகையை மாற்றினோம். கடைசியில் மின்கம்பி வேலை. "அப்பா, இது என் வேலை. நீங்கள் உட்காருங்கள்" என்றேன். டிப்ளோமா பேசியது, நடுவர் அவர்களே! (சிரிப்பு)

முதல் நாளே ஒரு பாடம். கூரை விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஃபியூஸ் நன்றாக இருந்தது. அரை நாள் போனது. அப்பா எழுந்து வந்தார். கூரை மடங்கும் இடத்தில் கம்பியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல வளைத்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மேலே ரப்பர் உறை நன்றாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து கிடக்கிறது. "நூறு தடவை தூக்கி இறக்கின கூரைம்மா. மடங்குற இடத்துலதான் கம்பி சாகும்" என்றார். ஒற்றைச் செம்புக் கம்பி வீட்டுச் சுவருக்கு ஆகும். அசையும் வண்டிக்குப் பல இழைக் கம்பிதான் வேண்டும், மடங்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். அந்த இரண்டு விரல் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

படிப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பேட்டரியின் 12 வோல்ட்டில், 60 வாட் சாமானுக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அதே சாமான் 240 வோல்ட்டில் ஓடினால் கால் ஆம்பியர் போதும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பியை ஆறு மீட்டர் தூரத்துக்குப் போக்கும் வரவுமாக இழுத்தால், வழியிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் தொலைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா, "அதனாலதான் டிராக்டர் விளக்குக்கு நான் தடிச்ச கம்பி போடுவேன்" என்றார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோதும், "பன்னெண்டு வோல்ட்டு ஆளை அடிக்காதும்மா, ஆனா வண்டியை எரிச்சிடும்" என்றார். நான் எண்ணால் சொன்னதை அவர் வாழ்ந்து பார்த்துச் சொன்னார். இதுவரைக்கும் இரண்டு அணிக்கும் சமம்தான், நடுவர் அவர்களே.

இனிமேல்தான் நான் இந்தப் பக்கம் வந்த காரணம்.

வீட்டில் இருந்து மின்சாரம் எடுத்து உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு நீர்க்கொதிகலம் போட வேண்டும் என்று 240 வோல்ட் கம்பி இழுத்தேன். பழைய இணைப்பை முன்பே யாரோ பிடுங்கிவிட்டார்கள். மின்சாரம் வரும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் புதிதாகப் போட்டேன். எர்த் கம்பி? வண்டியின் முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பச்சைக் கம்பி தொங்கிக் கொண்டிருந்தது. பச்சை என்றால் எர்த். முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். சும்மா நம்பிவிடவில்லை, மீட்டரை எடுத்தேன். ஒரு முனை பச்சைக் கம்பியில், மறுமுனை வண்டியின் இரும்புச் சட்டத்தில். 'பீப்' என்று சத்தம் வந்தது. தொடர்பு இருக்கிறது. மூன்று பின் செருகியின் எர்த் முனையோடு அந்தப் பச்சையைச் சேர்த்துவிட்டேன்.

செருகியை வீட்டுச் சுவரில் சொருகப் போகும்போது அப்பா குறுக்கே வந்தார்.

"ஏம்மா, அந்தப் பச்சை எங்க போகுதுன்னு பார்த்தியா?"

"மீட்டர்ல சத்தம் வருதுப்பா."

"சத்தம் வரும். பின்னாடி வலது பக்கத்து சிக்னல் பல்பைக் கழட்டிட்டு, மறுபடியும் வச்சிப் பாரு."

எரிச்சலோடு போய்க் கழற்றினேன். மீட்டரை வைத்தேன். சத்தம் இல்லை.

என் கை நடுங்கியது. ஆஸ்திரேலிய இழுவை வண்டிகளில் பச்சை என்பது வலது பக்கத் திருப்ப விளக்கின் கம்பி. எர்த் அங்கே வெள்ளை. வீட்டில் ஒரு மொழி, வண்டியில் வேறு மொழி! மீட்டர் ஏன் சத்தம் போட்டது? பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை வழியாக மின்சாரம் சட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குளிர்ந்திருக்கும்போது அந்த இழையின் தடை ஓர் ஓம் அளவுகூட இராது. ஆகவே மீட்டர், 'நல்ல இணைப்பு' என்று சொல்லிவிட்டது. அதாவது என் குடும்பத்தின் உயிரை நான் ஒரு சிக்னல் பல்பின் இழையில் கட்டி வைத்திருந்தேன். பல்பு என்றைக்காவது கருகத்தானே வேண்டும்? கருகிய அன்றைக்கு எர்த் இல்லை. அதற்குப் பிறகு நீர்க்கொதிகலத்தில் ஒரு கசிவு ஏற்பட்டால், வண்டியின் உடம்பு முழுக்க 240 வோல்ட். எங்கள் ஊர் மண்ணோ எப்போதும் ஈரம். வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிறவர் யார்? என் அம்மாவாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம்.

ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்று எதிரணி கேட்கலாம். நான் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 100 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது. ஆள் உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது அதற்குப் போதாது.

"எப்படிப்பா தெரிஞ்சது?" என்று கேட்டேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். தோட்டத்தில் ஒரு மழைநாள். பம்பு வீட்டில் தண்ணீர் நின்றது. உடன் வேலை செய்த ஒருவர் மோட்டாரைத் தொட்டார், அப்படியே விழுந்தார். பிறகு எழவே இல்லை. "மோட்டார்ல பச்சைக் கம்பி இருந்திச்சும்மா. எல்லாரும் பார்த்தோம். ஆனா அது எங்கேயும் போகலே. பலகைக்குப் பின்னால சும்மா வெட்டி விட்டிருந்தாங்க. அன்னையிலேர்ந்து நான் நிறத்தைப் பார்க்கிறதில்லே, போற இடத்தைத்தான் பார்ப்பேன்."

நடுவர் அவர்களே, அந்த ஒரு வரிக்கு என் அப்பா கொடுத்த விலை, ஒரு நண்பரின் உயிர். எதிரணித் தலைவர் சொன்னாரே, அடிபட்ட பிறகு வருவது பட்டறிவு என்று? உண்மைதான். ஆனால் அடி அவருக்கு, அறிவு எனக்கு! அவர் பட்டதால் நான் படவில்லை. (கைத்தட்டல்)

"மீட்டரைக் கண்டுபிடித்தது படிப்பறிவுதானே?" என்று அடுத்துக் கேட்பார்கள். ஆமாம், மறுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மீட்டர் சரியாகத்தான் பதில் சொன்னது. நான் கேட்ட கேள்விதான் தவறு. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் ஆறாம் வகுப்புப் படித்தவர்.

அதன் பிறகு வேலையை முறையாகச் செய்தோம். எர்த்துக்குத் தனியாகப் புதுக் கம்பி, சட்டத்தில் பெயின்டைச் சுரண்டி, போல்ட் வைத்து முறுக்கினோம். வண்டிக்கென்றே 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் வைத்தோம். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும், அது எங்கிருந்து எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டினோம். உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவரை அழைத்துச் சோதிக்கச் சொன்னோம். அவர் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "யார் செய்த வேலை?" என்று கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்து நின்றார்.

வண்டி இன்னும் சாலைக்கு வரவில்லை. ஜே.பி.ஜே. பதிவும் சோதனையும் முடிய வேண்டும். அதுவரை எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. மாலையானால் அப்பா கைப்பிடியைச் சுற்றிக் கூரையைத் தூக்குகிறார், விளக்கைப் போடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன்கள் நான்கு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் தொழிற்கல்லூரியில் படிப்பவர்கள். அவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இந்தக் கம்பி எங்க போகுது?" புக்கிட் மேரா ஏரிக்கரைக்குப் போகும்போது எங்களையும் கூட்டிப் போக வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துவிட்டார்கள்.

முடிவாக ஒன்று. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன, நம் மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். இஞ்சின் வீட்டு ஆட்களும், பம்பு வீட்டு ஆட்களும், லோரி பழுதுபார்த்தவர்களும் நம் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் சான்றிதழிலும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. அவர்கள் போனால் அதுவும் கூடவே போய்விடும். பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள், சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் செருகியைச் சுவரில் சொருகுவதற்கு முன்னால், அந்த நாற்காலியில் இருப்பவரை ஒரு முறை கூப்பிட்டுக் காட்டுங்கள். கைகொடுப்பது பட்டறிவே.