பங்கு வேனில் ஏறுங்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள்

(“பயணத்தில் பங்கு: சிக்கனமா, சிக்கலா?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பொதுமேடையில், தானா ராத்தாவிலிருந்து வந்து கலந்துகொண்ட அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய சகோதரர், “பங்கு வேன் என்றால் ஏழைக்கு வரம்” என்றார். அதற்கு முன்னால் பேசிய சகோதரி, “அது வேன் இல்லை, வேதனை” என்றார். இரண்டுக்கும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன்.

கேமரன் மலையில் இருப்பவன் கப்பலைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். எங்களைவிட யாருக்கு அதில் அக்கறை இருக்க முடியும்? தானா ராத்தாவில் துறைமுகம் இல்லை, விமான நிலையம் இல்லை, ரயிலும் இல்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் தாப்பா ரோட்டுக்கு இறங்க வேண்டும், அல்லது ஈப்போவுக்குப் போக வேண்டும். எங்கே போவதானாலும் முதலில் இன்னொருவரோடு ஒரு வண்டியைப் பங்கு போட்டுக்கொண்டுதான் மலையை விட்டு இறங்குகிறோம். பங்கு வண்டி எங்களுக்குப் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. அன்றாட வாழ்க்கை.

நம் முன்னோர்கள் எப்படி வந்தார்கள்? 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலை மறந்தவர்கள் நம்மில் உண்டா? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கிலோ, அன்று போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினார்கள். 1929இல் போ தேயிலைத் தோட்டம் எங்கள் மலையில் தொடங்கியது. காடு அழித்துச் செடி நட்டவர்களில் பெரும்பாலோர் அப்படிக் கடல் கடந்து வந்தவர்களே. துறைமுகத்தில் இறங்கியவரிடம், “எந்த வண்டியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?” என்று யாராவது கேட்டார்களா? கங்காணி கை காட்டிய வண்டியில் ஏறினார்கள். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. வண்டிக் கூலி அவர் பேரில் கடனாகக்கூட எழுதப்பட்டிருக்கும்.

ராஜுலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் வழிப் பயணமும் முடிந்தது. இன்று ஊருக்குப் போகிறவர் விமானத்தில் போகிறார். கப்பல் ஏறுகிறவர் உல்லாசத்துக்காக ஏறுகிறார். ஓய்வு பெற்ற அப்பா அம்மாவைப் பிள்ளைகள் சேர்ந்து மூன்று நாள் கப்பல் பயணம் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் கப்பலில் சுற்றிவிட்டு, இறங்கிய அன்றே விமானம் ஏறி ஊர் திரும்புகிறார்.

ஆனால் நடுவர் அவர்களே, ஒன்று மட்டும் மாறவில்லை. கை காட்டிய வண்டியில் கேள்வி கேட்காமல் ஏறும் பழக்கம் மாறவில்லை. அன்று கேட்க உரிமை இல்லை. இன்று கையில் காசு கொடுத்து ஏறுகிறோம். இன்றும் கேட்பதற்குக் கூச்சப்பட்டால் அது யார் குற்றம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளான் உல்லாசக் கப்பல் முனையம் எங்கே இருக்கிறது? பூலாவ் இண்டாவில். கொமுட்டர் ரயில் போர்ட் கிள்ளான் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அந்த நிலையம் ஊருக்குள் இருக்கிறது, கப்பல் நிற்கும் இடமோ பாலம் தாண்டிய தீவில் இருக்கிறது. விமான நிலையம் 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங்கில். சாலை சரியாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

பினாங்கில் இந்தத் தொல்லை குறைவு. சுவெட்டன்ஹம் துறை நகரத்துக்குள்ளேயே இருப்பதால், பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் படகுத்துறைப் பேருந்து நிலையம் வந்துவிடும். அங்கிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு ரேபிட் பினாங்கு பேருந்து உண்டு. சிங்கப்பூரிலே மரினா பே கப்பல் முனையத்துக்குப் பக்கத்தில் 2014இல் எம்.ஆர்.டி. நிலையமே திறந்துவிட்டார்கள். சாங்கி வரை ரயிலிலேயே போகலாம். கிள்ளானில் இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே டாக்சி, கிராப், பங்கு வேன் என்ற மூன்றில் ஒன்றைத்தான் பிடித்தாக வேண்டும்.

பங்கு வேன் மலிவா? ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காகச் சொல்கிறேன், இன்றைய கட்டணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி டாக்சி 120 வெள்ளி, பங்கு வேனில் ஆளுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு 80 வெள்ளி மிச்சம். கணவன் மனைவி இருவருக்கு 40 வெள்ளி மிச்சம். மூவர் போனால் ஒரு காசும் மிச்சமில்லை. நால்வர் போனால் வேனுக்கு 160, டாக்சிக்கு 120! குடும்பத்தோடு வருகிறவர், “பங்கு என்றால் மலிவு” என்று நினைத்து 40 வெள்ளி அதிகம் கொடுத்து, காத்திருந்து, நெருக்கி உட்கார்ந்து போகிறார். ஆகவே முதலில் தலையை எண்ணுங்கள். பிறகு பெட்டியை எண்ணுங்கள். நாலு பேர் ஏறும் காரில் நாலு பெரிய பெட்டி ஏறாது.

அடுத்தது நேரம். சகோதரி சொன்ன வேதனை இங்கேதான் பிறக்கிறது. கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேரும் என்று சீட்டில் இருக்கிறது. அதை நம்பி 11 மணி விமானத்துக்குச் சீட்டு எடுக்கலாமா? கப்பல் கரை சேர்வது வேறு, நாம் கரை இறங்குவது வேறு. முதல் நாள் இரவே பெரிய பெட்டிகளுக்கு வண்ண அட்டை கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் வண்ணத்தின் வரிசைப்படி ஆட்களை இறக்குவார்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி தேடும் வரிசை எல்லாம் முடிய 9 மணி ஆகலாம். வேனுக்கு வந்தால், “இன்னும் மூன்று பேர் வரணும்” என்பார் ஓட்டுநர். 9.45க்குப் புறப்பட்டால் 11 மணிக்கு விமான நிலையம். அங்கே முனையம் இரண்டு. முதல் முனையத்தில் நிறுத்தி, எல்லாருடைய பெட்டிக்கும் கீழே இருக்கும் ஒருவர் பெட்டியைத் தோண்டி எடுத்து, இரண்டாம் முனையத்துக்கு வரும்போது 11.20.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பதிவு முகப்பை வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அப்படியானால் எந்தத் தடங்கலும் இல்லாத நாளிலேயே 12.20 விமானத்தைத்தான் ஓடிப்போய்ப் பிடிக்க முடியும். மழை பெய்தால், லாரி ஒன்று குறுக்கே நின்றால், அதுவும் போச்சு. ஆகவே 7 மணிக்கு வரும் கப்பலில் இறங்கிப் பங்கு வேனில் போகிறவர், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்துக்குச் சீட்டு எடுப்பதே புத்திசாலித்தனம்.

நடுவர் அவர்களே, இங்கேதான் என் வாதம் இருக்கிறது. பங்கு வேனில் யார் ஏறுகிறார்கள்? காசை எண்ணிச் செலவழிக்கிறவர். அவர் எந்த விமானத்தில் சீட்டு எடுத்திருப்பார்? மலிவு விமானத்தில். அந்தச் சீட்டைத் தவறவிட்டால் பெரும்பாலும் பணம் திரும்பாது. புதுச் சீட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். வசதியுள்ளவர் விமானத்தைத் தவறவிட்டால் அவருக்கு எரிச்சல். நம் தோட்டத்து அம்மா தவறவிட்டால் ஒரு மாதச் சேமிப்பே போய்விடும். அதாவது, வண்டி தாமதமானால் யாரால் தாங்க முடியாதோ, அவர்தான் தாமதமாகக்கூடிய வண்டியில் ஏறுகிறார். 80 வெள்ளி மிச்சம் பிடிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்குக் காவல் கையிலிருக்கும் நேரம். நேரம் இல்லாவிட்டால் அன்று ஒரு நாள் டாக்சிக்குக் கொடுங்கள். நேரம் இருந்தால் பங்கு வேனில் தாராளமாக ஏறுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. எங்கள் மலைச் சாலையை நீங்கள் அறிவீர்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வளைவுக்கு மேல் வளைவு. 2010 டிசம்பர் 20ஆம் தேதி, மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து சிம்பாங் பூலாய் சாலையில் கவிழ்ந்து 25க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்த பயணிகள். நம் ஊர் பார்க்க வந்தவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

காசுக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குச் சட்டப்படி உரிமம் வேண்டும், ஓட்டுநருக்கும் தனி உரிமம் வேண்டும். கிராப் போன்ற சேவைகளையும் 2019 முதல் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் துறைமுக வாசலிலும் பேருந்து நிலையத்திலும், “வாங்க அக்கா, சீப்பாப் போகலாம்” என்று சொந்தக் காரில் கூப்பிடுகிறார்களே, அந்தப் பிரிபெட் சாப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றும்போது கை கொடுக்காது. விபத்து நடந்தால் நம் பிள்ளைகள் யாரிடம் போய் நிற்பார்கள்? அந்தப் பத்து இருபது வெள்ளி மிச்சம் நமக்கு வேண்டாம்.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். வேன் ஓட்டுகிறவரும் நம்மைப் போல ஒரு குடும்பஸ்தர். இரண்டு இருக்கை காலியாகப் போனால் எண்ணெய்க் காசு அவர் தலையில் விழுகிறது. அதனால்தான் காத்திருக்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் பயணச் சேவை நடத்துகிற முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஆள் நிறைந்தால் புறப்படும்” என்பதை விட்டுவிட்டு, “இத்தனை மணிக்குக் கண்டிப்பாகப் புறப்படும், இத்தனை மணிக்கு மேற்பட்ட விமானங்களுக்கு மட்டுமே ஏற்போம்” என்று சீட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரி பலருடைய பயணத்தைக் காப்பாற்றும். அப்படி எழுதிக் கொடுக்கிறவரைத் தேடி மக்கள் வருவார்கள்.

பயணிகளாகிய நாம் செய்ய வேண்டியது என்ன? காசு கொடுக்கும் முன் நான்கு கேள்வி. எத்தனை மணிக்குப் புறப்படும்? வழியில் எத்தனை இடத்தில் நிற்கும்? எந்த முனையத்துக்கு முதலில் போகும்? என் பெட்டிக்கும் சேர்த்துத்தானே இந்தக் கட்டணம்? ஓட்டுநர் நம்மவர் என்றால், “தம்பி, எனக்கு ரெண்டு மணிக்கு விமானம்” என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மலாய்க்காரர் என்றால், “பாங், ஜாலான் புக்குல் பெராப்பா?” என்று கேளுங்கள். சீனர் என்றால், “அங்கிள்” என்று கூப்பிட்டு அதையே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடப்பிதழ், மருந்து, விமானச் சீட்டு மூன்றும் கைப்பையில் மடிமேல் இருக்கட்டும். ஏறியதும் இருக்கைப் பட்டையைக் கட்டுங்கள். முனையம் மாறி இறக்கிவிட்டாலும் பதற வேண்டாம், இரண்டு முனையங்களுக்கும் நடுவே ரயில் சில நிமிடங்களில் கொண்டு சேர்க்கும்.

மலைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தானா ராத்தாவிலிருந்து கிள்ளானுக்கோ சிப்பாங்குக்கோ நாலைந்து மணி நேரம். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் நெரிசலும், மழைக்காலத்தில் மண்சரிவும் நமக்குப் புதிதல்ல. கப்பல் ஏறும் அன்றே மலை இறங்காதீர்கள். முதல் நாளே இறங்கி, கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து போங்கள். நமக்கு அங்கே ஒரு சொந்தக்காரராவது இல்லாமலா போய்விடுவார்?

அம்மா அப்பாவைக் கப்பலுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். சீட்டு எடுத்துக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய பிறகு எந்த வண்டி, எத்தனை மணி, ஓட்டுநர் தொலைபேசி எண் என்ன என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். கைத்தொலைபேசியில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். கப்பலில் இருந்து இறங்கும்போது அந்தக் கைத்தொலைபேசியில் மின்சாரம் இருக்காது.

ஆகவே நடுவர் அவர்களே, பங்கு வேன் வரமும் இல்லை, வேதனையும் இல்லை. நேரம் வைத்துக்கொண்டு, உரிமம் பார்த்து, தலையை எண்ணி, வாய் திறந்து கேட்டு ஏறுகிறவருக்கு அது நல்ல துணை. அன்று துறைமுகத்தில் நம் தாத்தாவுக்குக் கேட்க வாய்ப்பில்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.