வேலிக்குள் இருப்பது காணி மட்டுமல்ல

 

நம் கிழக்கிலங்கையின் ஒலுவில் துறைமுகத்திலிருந்தே தொடங்குகிறேன். மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு அந்தத் துறைமுகம். 2008இல் டென்மார்க் கடனில் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்காகத் தென்னந்தோட்டங்களை இழந்தவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். பிறகு துறைமுக வாயிலை மணல் மூடியது, படகுகள் முடங்கின. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. அரசு எடுத்த காணிக்காவது ஒரு கோவை இருக்கிறது. கடல் எடுத்த காணிக்கு எந்தப் பிரிவின் கீழ் நாம் மனுப் போடுவது?

அபிவிருத்திக்கு நான் எதிரானவன் அல்லன். துறைமுகம் வேண்டும், பாதை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். எடுப்பதற்கு முன் எதை எடுக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் காணி எடுத்தற் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இரண்டாம் பிரிவில் அறிவித்தல் ஒட்டுவார்கள். பிறகு ஆட்சேபனை, விசாரணை, விலைமதிப்பு. அவசரம் என்று அமைச்சர் சொல்லிவிட்டால் 38ஆம் பிரிவு வரும். நட்டஈடு கைக்கு வருமுன்பே காணி போய்விடும். இந்த வரிசையில் எங்காவது, இதனால் யாருடைய பிழைப்பு என்னவாகும் என்று ஒருவர் ஆராய்ந்து எழுத வேண்டிய கட்டம் இருக்கிறதா? சட்டத்தில் இல்லை.

நமது ஊரில் ஒரு வளவு என்றால் என்ன? வாப்பா உழைத்து வாங்குகிறார். மூத்த மகளுக்கு அதில் வீடு எழும்புகிறது, மருமகன் அங்கே வந்து குடியேறுகிறார். அடுத்த மகளுக்கு மிச்சத் துண்டு. கடைசி மகள் இன்னும் பாடசாலைக்குப் போகிறாள். அவளுக்கென்று பின்வளவில் நாலு தென்னை நிற்கிறது. உறுதியில் இருப்பதோ வாப்பாவின் பெயர் மட்டும். நட்டஈட்டுக் காசோலையும் அந்த ஒரு பெயருக்குத்தான் வரும். மூன்று பெண்களின் கலியாணம் அந்த வேலிக்குள் இருந்தது என்பதை எந்த மதிப்பீட்டாளரும் எழுதமாட்டார், எழுதும்படி அவருக்குச் சட்டம் சொல்லவில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருபது பேர்ச் காணிக்கு இன்று என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். கிடைத்த காசோடு போய் அதே ஊரில் அதே அளவு காணி வாங்க முடியுமா?

துறைமுகத்துக்கு எடுத்த தோட்டங்களில் தேங்காய் பறித்தவர், கிடுகு பின்னிய பெண், கரைவலை இழுத்தவர் யாருக்கும் உறுதி கிடையாது. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கை இவர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இருபது குடும்பங்களோ அதற்கு மேலோ பெயர்ந்தால் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் வேண்டும் என்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் கொள்கையை மீறினால் என்ன தண்டனை? தெற்கு அதிவேகப் பாதைக்குக் காணி எடுத்தபோது மக்களோடு உட்கார்ந்து பேசும் குழுக்களை அமைத்தார்கள். அந்த நியாயம் ஒவ்வோர் ஊருக்கும் உரியதாக வேண்டுமானால் அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இந்தியா 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டு 2013இல் புதிதாக எழுதியது. முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதற்குப் பிறகுதான் காணி. அங்கேயும் மாநிலங்கள் விலக்குக் கொண்டுவந்து அதைக் குறுக்கியிருக்கின்றன. ஆனாலும் மக்கள் கையில் பிடித்துப் பேச ஒரு சட்டம் இருக்கிறது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமையே இல்லை. நீதிமன்றம்தான் நம்மைக் காத்தது: பொதுத் தேவைக்கென்று எடுத்த காணி கொல்ஃப் மைதானமாகிய வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், ஒலுவிலில் வேலை தொடங்கிய அதே 2008இல், உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. ஆனால் கரைவலைக்காரர் கொழும்புக்குப் போய் வழக்காட யார் செலவு கொடுப்பார்?

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கோயில் பரிபாலன சபைகளிடமும் மீனவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த அறிவித்தல் ஒட்டப்படும்வரை காத்திருக்க வேண்டாம். சுனாமிக்குப் பின் கரையிலிருந்து '65 மீற்றர்' எல்லை என்ற ஒரு சொல்லில் எத்தனை பேரின் வாழ்வு தொங்கியது என்று மருதமுனை மக்களுக்குத் தெரியும். இந்த மாதமே கொப்பியைத் திறவுங்கள். எந்த வளவில் யார் குடியிருக்கிறார், யார் அதில் உழைத்துச் சாப்பிடுகிறார், எந்த மகளுக்கு எந்தத் துண்டு என்று எழுதுங்கள். எழுதும்போது உறுதி இல்லாதவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.